தண்ணீருக்குப் பச்சை, காற்றுக்கு நீலம்

ரசம் சோற்றில் சுண்ணாம்பு விழுந்தது.

முதலில் பார்த்தவள் என் மகள் நந்தினி. அப்போது அவளுக்கு ஏழு வயது. ஆரம்பாக்கத்தில் எங்களுடையது ஒரே ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும். அறையின் மேற்குச் சுவரை ஒட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் அடித்ததில் சுவரெல்லாம் ஓதம் ஏறியிருந்தது. ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு வெள்ளைப் பொருக்கு ஒன்று பெயர்ந்து நேராக அவள் தட்டில் விழுந்தது.

"ம்மா, செவுரு உதுருது."

"எடுத்துப் போட்டுட்டுத் துன்னு. எனக்கு வண்டி போய்டும்."

மழைக்கு அவளுக்கு ஸ்கூல் லீவு. எனக்கு லீவு இல்லை. அவள் பொருக்கை எடுத்துப் போட்டாள், ஆனால் தின்னவில்லை. கழுத்தைத் தூக்கிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, உள்ள பச்சையா கீது."

கிட்டே போய்ப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்குப் பச்சை. ஈரத்தில் பளபளவென்று, நேற்று அடித்தது போல இருந்தது. கையில் இருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தப் பச்சையின் மேல் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னவளே நான்தான். அது ஒழிந்தது என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சொல்ல வேண்டுமானால் பச்சை எப்படி வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வழக்கம் தெரியும். புதிதாக வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்டர் மாப்பிள்ளை

என் வீட்டுக்காரர் ஏழுமலை ஒரு பெயிண்டர். பெண் பார்க்க வந்தபோது தரகர் அப்படிச் சொன்னதும், எங்கள் அப்பா அவரைப் படம் வரைகிறவர் என்று நினைத்துக்கொண்டார். ஊரெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டார். கல்யாணமான முதல் மாதமே அம்மன் கோயில்காரர்கள் வந்து, மதில் சுவரில் ஒரு சிங்கம் வரைந்து தரச் சொன்னார்கள். இவரும் வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்லாமல் போய் வரைந்தார். அது சிங்கமா, ஆட்டுக்கடாவா என்று எங்கள் தெருவில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

அவர் படம் வரைகிறவர் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில், கான்ட்ராக்டரிடம் பைப்புக்கு வர்ணம் அடிக்கிறவர். உள்ளே போய்ப் பார்க்காதவர்களுக்கு ஒரு கம்பெனியில் எத்தனை பைப் ஓடுகிறது என்று தெரியாது. தலைக்கு மேலே ஓடும், சுவரோரம் ஓடும், தரைக்கடியில் நுழைந்து அந்தப் பக்கம் எழுந்திருக்கும். வெயிலிலும் சூட்டிலும் வர்ணம் உரிந்துகொண்டே இருக்கும். ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைக்குப் போவதற்குள் முதல் முனை உரிந்துவிடும். "என் வேலைக்கு ரிட்டயரே கிடையாது" என்று அவர் பெருமையடித்துக்கொள்வார்.

எனக்கு அந்த வாசனை ஆகாது. பெயிண்ட்டைக் கரைக்கிற தின்னரின் வாசனை. சட்டையில் இருக்கும், தலைமுடியில் இருக்கும், தலையணையில் இருக்கும். குழந்தையை அவர் முத்தம் கொடுத்துக் கொஞ்சினால் குழந்தையின் கன்னத்திலும் இருக்கும். மீன் குழம்பு கொதிக்கிறபோதுகூட அதை மீறி மூக்கில் ஏறும். "நீ செத்தாலும் இந்த நாத்தம் போவாதுய்யா" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். என் வாய் அப்படிப்பட்ட வாய்.

ஒரு பொங்கல் லீவில் காதர் எங்களைப் பழவேற்காட்டில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். காதர் இவருடைய கூட்டாளி. கம்பெனியில் இருவரும் ஒரு ஜோடி. ஏணியில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் கீழே பிடித்துக்கொண்டு நிற்பார். காதர் வீட்டில் இறால் போட்டு பிரியாணி செய்திருந்தார்கள். சாயங்காலம் எங்களைப் படகில் ஏற்றி ஏரிக்குள் கூட்டிப்போனார்கள். தூரத்தில் பறவைகள் கூட்டமாக எழும்பின. நந்தினி போட்ட கூச்சலில் படகுக்காரரே ஒரு நிமிஷம் துடுப்பை நிறுத்திவிட்டார். எனக்குத் தண்ணீர் என்றாலே பயம், நான் பலகையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்த வாரமே இவர் மேற்குச் சுவரில் வேலையை ஆரம்பித்துவிட்டார். டின் அடியில் மிஞ்சுகிற வர்ணத்தைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவர் முன்னால் நிற்பார். மேலே வானம், நீலம். கீழே ஏரி. ஏரிக்குப் பச்சை அடித்தார்.

"எந்த ஊருலய்யா தண்ணி பச்சையா கீது? பாசி புடிச்ச கொளம் மாரி கீதே!"

"எங்க கம்பெனில தண்ணி பச்சதான்" என்று சிரித்தார். அதற்கு மேல் விளக்கம் இல்லை. நானும் கேட்கவில்லை.

பறவைகளுக்கு வெள்ளி. படகுக்கு வெளிறிய பழுப்பு. படகின் நடுவில் மட்டும் செங்கல் நிறத்தில் ஒரு குவியல். கீழே அகலமாக, மேலே குறுகி, என்னவென்று யாராலும் சொல்ல முடியாதபடி இருந்தது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். பால்காரர் அதை நெல் மூட்டை என்றார்.

அந்த ஒரு வார்த்தை

சித்திரை பிறந்த சமயம். ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பாமல், சின்ன பிரஷை வைத்து அந்தக் குவியலின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் நாஷ்டாவுக்கு இட்லி எடுத்து வைத்தேன். இட்லி மேலேயே தின்னர் வாசனை அடித்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"இன்னாய்யா இது, துருப் புடிச்ச மூட்ட மாரி?"

"தேசு, இது பிரைமரு. ரெட் ஆக்சைடு. இதும்மேலதான் கலரு வரும். இன்னிக்கி வந்துடும், நீயே பாரேன்."

"ஒண்ணும் வர வேணாம். வர்றவங்க போறவங்கல்லாம் சிரிக்கிறாங்க. மொதல்ல இந்த எழவ அழி."

எழவு. காலங்காத்தாலே, வேலைக்குக் கிளம்புகிற மனுஷனிடம். எங்கள் பக்கம் இதை எல்லாவற்றுக்கும் சொல்வோம். பால் பொங்கி வழிந்தாலும் எழவு, பஸ் வராவிட்டாலும் எழவு. நூறு தடவை சொன்ன வார்த்தைதான். அன்றைக்குச் சொன்னது மட்டும் என் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது.

அவரும் பதிலுக்கு ஏதோ சொன்னார். நான் விடவில்லை. பேச்சு வளர்ந்தது. நடுவில் அவர் வழக்கமாக ஏறுகிற ரயில் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் சத்தம் கேட்டது.

ரயில் தவறினால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "போனா போவுது, லீவு" என்று பாயை விரித்துவிடுவார். எட்டு வருஷமாக அதுதான் வழக்கம். அன்றைக்கு மட்டும் அப்படிச் செய்யவில்லை. சைக்கிளை எடுத்தார். கும்மிடிப்பூண்டி வரைக்கும் நெடுஞ்சாலையில் மிதித்துப் போகக் கிளம்பிவிட்டார். இட்லியைத் தொடவே இல்லை.

பாதி வழியில் ஒரு லாரி. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வராது.

சொந்தக்காரர்கள் வந்தார்கள், என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. என் மண்டைக்குள் ஒரே ஒரு கேள்வி. ஏன் அன்றைக்கு மட்டும் திரும்பி வந்து படுக்கவில்லை? பதிலும் எனக்குத் தெரிந்தது. என் மேல் இருந்த கோபத்தில் போயிருக்கிறார். அந்தக் கோபத்தோடேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இனிமேல் யாரிடம் போய்ச் சமாதானம் சொல்வது?

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள், வெள்ளையடிக்க ஆள் வந்தார். ஏற்பாடு செய்தவர் என் நாத்தனார் கஸ்தூரி, ஏழுமலைக்கு அக்கா. சின்ன வயதிலேயே தாலியறுத்தவர். அன்றிலிருந்து சாயம் போன சேலை தவிர வேறு எதையும் உடுத்தியதில்லை. எந்தக் காரியத்துக்கும் ஒரு முறை வைத்திருப்பவர். அவரே அன்றைக்குத் தயங்கினார்.

"தேசம்மா, தம்பி போட்ட படம் கீதே. அத உட்டுட்டு மிச்சத்த அடிக்கச் சொல்லட்டா?"

"வேணாம். மொதல்ல அந்தச் செவுருதான் அடிக்கணும்."

இரண்டு பூச்சு. ஏரி போனது, வானம் போனது, பறவைகள் போயின, கடைசியில் அந்தக் குவியலும் போனது. அழி என்று அவரிடம் சொன்னேன் அல்லவா, நானே அழித்துவிட்டேன்.

உப்புத்தாள்

கான்ட்ராக்டர் நல்ல மனுஷன். மாதம் திரும்புவதற்குள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கூட்டிப் பெருக்குகிற வேலை தருவார் என்று நினைத்துத்தான் போனேன். இடுப்பு உயரத்தில் ஓடுகிற பைப், படிக்கட்டுக் கைப்பிடி, இதற்கெல்லாம் ஏணி வேண்டாம், பெண்பிள்ளையே அடிக்கலாம் என்று சொல்லி, என்னைக் காதரோடு சேர்த்துவிட்டார்.

காதர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஏணி பிடித்த கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கட்டு உப்புத்தாளை நீட்டினார்.

"அண்ணி, பழைய பெயிண்ட்ட ஒரசணும். பளபளப்பு போற வரைக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. உரசினேன். அன்றைக்கு மத்தியானம் அவர் தின்னர் டின்னைத் திறந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், என் முதுகுக்குப் பின்னால் ஏழுமலை வந்து நின்றுவிட்டார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. வீட்டில் அவருடைய துணியையெல்லாம் காரியத்தன்றே கொடுத்துவிட்டோம். தலையணை உறையையும் துவைத்துவிட்டேன். வீட்டில் எங்கேயும் இல்லாத அந்த வாசனை இங்கே டின் டின்னாக இருந்தது. எட்டு வருஷமாக நாற்றம் என்று திட்டிய அதற்காகவே மறுநாளிலிருந்து ரயில் ஏறினேன்.

இரண்டாம் மாதம் என் கையில் பிரஷ் வந்தது. அது ஒரு வெள்ளிக்கிழமை. கேன்டீனுக்குப் பின்னால் இரண்டு பைப் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும். காதர் தொழுகைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இரண்டு டின்னையும் காட்டிவிட்டுப் போனார்.

"மேல போறது தண்ணி லைனு, பச்ச அடிங்க. கீழ காத்து லைனு, நீலம் அடிங்க. நான் வந்துடறேன்."

தெளிவாகத்தான் சொன்னார். என் காதிலும் தெளிவாகத்தான் விழுந்தது. ஆனால் நான் யார்? எனக்குத் தெரியாதது உண்டா? மனுஷன் அவசரத்தில் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தண்ணிக்கு எவனாவது பச்சை அடிப்பானா? தண்ணீர்க் குழாய்க்கு நீலத்தை எடுத்து, ஒரு திட்டு இல்லாமல், சொட்டு விழாமல், அழகாக அடித்து வைத்தேன். வேலை முடிந்ததும் தள்ளி நின்று பார்த்து மெச்சிக்கொண்டேன். கீழ்ப் பைப்புக்கு வருவதற்குள் பொழுது போய்விட்டது. காதர் திரும்பி வரும்போது அவரை வேறு ஷெட்டுக்கு இழுத்துப் போய்விட்டார்கள், அவரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை, புதிதாகச் சேர்ந்த ஃபிட்டர் ஒருவர் மோட்டாரில் படிந்த தூசியைக் காற்றடித்து ஊத வந்தார். நீல பைப்பைப் பார்த்தார், ஹோஸை மாட்டினார், வால்வைத் திறந்தார். பீச்சியடித்தது தண்ணீர். மோட்டார் படபடவென்று பொரிந்து புகைந்தது. அவர் ஹோஸை வீசிவிட்டுப் பின்னால் குதித்ததால் பிழைத்தார்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "யாரு அடிச்சது இத?"

"நான்தான் சார்" என்றார் காதர்.

"இல்ல சார், அவரு பச்சன்னுதான் சொன்னாரு. நான்தான் மாத்தி அடிச்சேன்."

"தண்ணிக்கு நீலம்னு உனக்கு எவம்மா சொன்னது? ஒரு உசுரு போயிருந்தா யாரு பதில் சொல்றது?"

உசுரு என்ற வார்த்தை எங்கே போய் அடிக்குமோ அங்கே போய் அடித்தது. அவசரப்பட்டு வாயை விட்டதற்கு ஒன்று ஆகிவிட்டது. அவசரப்பட்டுக் கையை விட்டதற்கு இன்னொன்று ஆகப் பார்த்தது. இன்றோடு வேலை போயிற்று என்று பையை எடுத்துக்கொண்டேன். காதர் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, சூப்பர்வைசர் திட்டிவிட்டுப் போய்விட்டார்.

காதர் இரண்டு டீ வாங்கி வந்து, ஒன்றை என் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணி, பைப்பு மேல பார்த்தா எல்லாம் ஒண்ணுதான். உள்ள இன்னா ஓடுதுன்னு கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தான் கலரு. தண்ணிக்குப் பச்ச. காத்துக்கு நீலம். ஸ்டீமுக்கு சில்வரு. ஆயிலுக்கு பிரவுனு. கேஸுக்கு மஞ்ச. நெருப்ப அணைக்கிற லைனுக்கு செவப்பு. எந்த ஊரு கம்பெனிக்குப் போனாலும் இதான். அண்ணன் ஊட்டுல சொன்னதில்லயா?"

சொன்னார். எங்க கம்பெனில தண்ணி பச்சதான் என்று சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

அங்கேயே கவிழ்த்து வைத்த டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சுவர் அப்படியே கண் முன்னால் வந்தது. வானத்துக்கு நீலம், காற்று. ஏரிக்குப் பச்சை, தண்ணீர். ஆவி பறக்கிற மாதிரி எழும்பிய பறவைகளுக்கு வெள்ளி. பதினைந்து வருஷமாக பைப்புக்குள் என்ன ஓடுகிறது என்று பார்த்துப் பழகிய மனுஷன், ஏரிக்குப் போன இடத்திலும் அப்படித்தான் பார்த்திருக்கிறார். ஆட்டுக்கடாச் சிங்கம் என்று நான் கேலி செய்த ஆளுக்குள் இவ்வளவு பெரிய ஏரி இருந்திருக்கிறது. அதன்மேல் இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்தேன்.

அன்றைக்குத்தான் அழுதேன். பைப்பைப் பிடித்துக்கொண்டு, ஃபிட்டர்கள் போக வர, வெட்கமே இல்லாமல் அழுதேன். காதர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இரண்டு டீயும் ஆறிப்போயின.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீலத்து மேலயே பச்சைய அடிச்சிடட்டா காதரு?" என்று கேட்டேன்.

"நிக்காது அண்ணி. எனாமல் மேல எதுவும் ஒட்டாது. மொதல்ல ஒரசணும்."

இரண்டு நாள் உரசினேன். மூன்றாம் நாள் பச்சை அடித்தேன். பிரஷை ஒரே சீராக இழுக்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் திட்டு விழும். அப்படி இழுக்கிறபோது மூச்சும் தானாகச் சீராகிவிடுகிறது. இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. துக்கம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. ஆனால் கைக்கு வேலை வந்ததும் அது நெஞ்சின் நடுவிலிருந்து கொஞ்சம் நகர்ந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டது. சித்திரைக்குப் பிறகு அன்றைக்குத்தான் படுத்ததும் தூங்கினேன்.

மழை செய்த வேலை

இப்போது அந்த ஐப்பசிக் காலைக்கு வருகிறேன். கட்டைவிரல் நகம் அளவு பச்சை.

எனாமல் மேல் எதுவும் ஒட்டாது. வெள்ளையடித்தவர் சுவரை உரசவில்லை. உரசச் சொல்ல எனக்கும் அப்போது தெரியாது. ஆறு மாதமாகச் சுண்ணாம்பு அந்தப் படத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது. மூன்று நாள் மழை ஓதத்தில் கழன்றுகொண்டது.

பழைய துணி ஒன்றைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தேன். வெள்ளை கூழாக வழிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஏரி வந்தது. இன்னொரு தடவை துடைத்தேன், படகின் மூக்கு வந்தது.

"ம்மா! நைனா படம்!"

நந்தினி தன் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் கைக்கு எட்டிய வரை அவள், அதற்கு மேல் நான். வாளித் தண்ணீர் பாலாகிப் போனது. ஸ்டேஷனில் என் ரயில் வந்து நின்று கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். முக்காலியில் ஏறி மேலே துடைத்தபோது பறவைகள் ஒன்று, இரண்டு, ஐந்து என்று வந்தன. மழை இருட்டிலும் அந்த வெள்ளி மினுங்கியது. நான் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றேன். சாமி வருவதைப் பார்த்திருக்கிறேன், தேர் வருவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றை என் வீட்டுச் சுவரில் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

கடைசியாக அந்தக் குவியல். நாலு மாதம் பிரஷ் பிடித்த கண்ணோடு அதைப் பார்த்தேன். ஓரமெல்லாம் நூல் பிடித்தாற்போல எத்தனை கவனமாக வெட்டியிருக்கிறார்! மூட்டைக்கு யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா?

"ம்மா, இது நீதான்" என்றாள் நந்தினி.

"எப்புட்றீ சொல்ற?"

"படகுல நீ இப்டிதான் குந்தினு இருந்த. பயந்துக்கினு."

அகலமாக இருந்தது மடக்கிய காலும் சேலையும். குறுகியது கழுத்து. மேலே கொண்டை. பலகையை இறுக்கிப் பிடித்த கைகூட இருந்தது. என்னைத்தான் நான் எழவு என்று சொல்லியிருக்கிறேன்.

கேசரி

மறுநாள் காதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவர் வந்துவிட்டதைச் சொன்னேன், படகில் நான் பிரைமரோடு உட்கார்ந்திருப்பதையும் சொன்னேன். "மேல இன்னா கலரு அடிக்க நெனச்சாரோ, தெரியல காதரு."

காதர் தன் சாமான் பெட்டியைத் திறந்து, அடியில் இருந்து ஒரு கால் லிட்டர் டின்னை எடுத்தார். துணி சுற்றியிருந்தது.

"ஆறு மாசமா வெச்சினு கீறேன் அண்ணி. நீங்க இன்னா நெனப்பீங்களோன்னு குடுக்க மனசு வரல. மஞ்ச. கேஸ் லைன் கலரு."

"எனக்கு மஞ்சளா?"

காதர் தலையைக் குனிந்துகொண்டார். உதட்டில் சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். "அண்ணன் உங்களப் பத்தி பேசுனாலே, எங்க ஊட்டு கேஸ் லைனுன்னுதான் சொல்லும். கிட்டப் போனா குப்புனு பத்திக்கும்டா, ஆனா அது இல்லன்னா ஊட்டுல அடுப்பே எரியாதுன்னு சொல்லும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது.

"அண்ணன் போறதுக்கு மொத நாளு கேஸ் லைன் வேல ஓடுச்சு அண்ணி. மறுநாள் மதியம் முடியும், மீதிய ஏழுமல எடுத்துக்கட்டும்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. லீவு கீவு போட்டுடாதண்ணே, போட்டா வேற எவனாவது தூக்கிடுவான்னு நான்தான் சொன்னேன். எப்டியும் வந்துடுவேன்டான்னு சொல்லிட்டுப் போச்சு." டின்னில் சுற்றியிருந்த துணியை அவர் மடித்துக்கொண்டே இருந்தார். "நான் அப்டிச் சொல்லாம இருந்திருக்கலாம்."

நான் மட்டும்தான் ஆறு மாதமாக ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு திரிகிறேன் என்று நினைத்திருந்தேன். என் முகத்தைப் பார்க்காமலே ஒரு மனுஷன் என் பக்கத்தில் நின்று ஏன் வேலை செய்தார் என்று அப்போது புரிந்தது. "காதரு, உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அதை யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

டின்னை வீட்டுக்கு எடுத்துப்போகச் சூப்பர்வைசர் தலையாட்டிவிட்டார். ஆனாலும் வாசல் கேட்டில் அனுமதிச் சீட்டு காட்டச் சொல்வார்களோ என்ற பயத்தில் டின்னை டிபன் பைக்குள் வைத்து எடுத்துப் போனேன். வாட்ச்மேன் பையைத் திறந்து, டின் மூடியையும் திறந்தார். வர்ணத்தின் மேல் தடிப்பாக ஆடை கட்டியிருந்தது.

"இன்னாமா இது, கேசரியா?"

"ஆமாண்ணே" என்று என் வாய் தானாகச் சொன்னது.

அவர் மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் யாருடைய பெண்சாதி என்று அந்த கேட்டில் எல்லோருக்கும் தெரியும். மூடியை அழுத்தி மூடி, "கெட்டுப் போவறதுக்குள்ள ஊட்டுக்கு எடுத்துனு போமா" என்றார்.

மஞ்சள்

ஞாயிற்றுக்கிழமை காலை. மழை விட்டிருந்தது. சுவர் காய்ந்திருந்தது. பிரைமரை உப்புத்தாளால் லேசாக உரசித் துடைத்தேன். டின்னின் ஆடையைக் கத்தி முனையால் கீறித் தூக்கினேன். ஆறு மாதம் பெட்டிக்குள் கிடந்த வர்ணம், ஆடைக்கு அடியில் தேன் மாதிரி ஈரமாக இருந்தது. நந்தினி எட்டிப் பார்த்து "அடேங்கப்பா!" என்று வாயைப் பிளந்தாள்.

கொண்டைக்குக் கீழே கழுத்திலிருந்து ஆரம்பித்தேன். தோள், கை, மடக்கிய கால். என்னை நானே அடிக்கிறேன் என்ற நினைப்போடு பிரஷை ஒரே சீராக இழுத்தேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். பச்சை ஏரியின் நடுவில், வெள்ளிப் பறவைகளுக்குக் கீழே, பளீரென்று மஞ்சளாக ஒருத்தி பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் கஸ்தூரி வந்தார். மழைக்கு வீடு ஒழுகியதா என்று பார்க்க வந்தவர், செருப்பைக்கூட விடாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி படம் வந்துட்ச்சா?" என்றார். பிறகு, "அது யாரு?"

"நான்தான் அண்ணி."

அவர் முகம் மாறியது. "மஞ்சளா? தேசம்மா, அவன் போயி இன்னும் வருசம் திரும்பல. நாலு பேரு பார்த்தா இன்னா சொல்லுவாங்க?"

வேறொரு நாளாக இருந்திருந்தால் பத்திக்கொண்டு எரிந்திருப்பேன். அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை.

"அது உங்க தம்பி எனக்குன்னு சொல்லி வெச்ச கலரு அண்ணி. அன்னிக்கி அவரு கோவத்துல போவல. இத வாங்கியாரப் போனாரு."

அவர் செருப்பை விட்டுவிட்டு மெல்ல உள்ளே வந்தார். சுவர் அருகே போய் வானத்தைப் பார்த்தார், பறவைகளைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி அந்த மஞ்சள் தோளைத் தொட்டார். நான் தடுப்பதற்குள் தொட்டுவிட்டார். மழைக்காலத்தில் எனாமல் காய ஒரு முழு நாள் ஆகும். தோளில் அவர் விரல்ரேகை அப்படியே பதிந்தது. விரல் நுனியில் மஞ்சள் ஏறியிருந்தது. அவர் கையில் மஞ்சளை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"தின்னர் தர்றேன் அண்ணி. தொடச்சா போய்டும்."

அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்கட்டும் போ" என்றார்.

அன்றைக்கு எங்களோடு சாப்பிட்டுவிட்டு, சாயங்கால ரயிலுக்கு அந்த விரலோடேயே போனார்.

மேலே இன்னொரு பூச்சு கொடுத்தால் ரேகை மறைந்துவிடும். காய்ந்த பிறகு உரசிவிட்டு அடிக்க வேண்டும், பத்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகு எத்தனையோ மைல் பைப்பை உரசிவிட்டேன். அந்த ஒரு தோளில் மட்டும் உப்புத்தாள் வைக்கவில்லை.